கஜேந்திரனின் காலும் புகைப் பழக்கமும்

ஸ்ரீ:

வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலையில், அத்திகிரிக் கோபுர வாசலில் பேரருளாளன் பெரிய திருவடியின்மேல் எழுந்தருளி ஸேவை ஸாதிக்கிறான். முந்தின இரவே வந்து காத்திருந்த அடியார்களின் கைகள் அத்தனையும் ஒரே கணத்தில் தலைக்குமேல் குவிகின்றன. கருடன்மேல் எம்பெருமானைக் கண்டதும் வைஷ்ணவனின் நெஞ்சில் முதலில் எழும் சரித்திரம் கஜேந்திர மோக்ஷமே. முதலையின் வாயில் அகப்பட்ட ஓர் யானைக்காக அரைகுலையத் தலைகுலைய ஓடி வந்தவன் அன்றோ இவன்! கச்சித் திவ்யதேசங்களுள் ஒன்றான அட்டபுயகரத்தின் ஸ்தல வரலாறும் இந்தச் சரித்திரத்தோடு பின்னியதே. அங்குள்ள திருக்குளத்துக்கும் கஜேந்திர புஷ்கரிணி என்றே திருநாமம்.

அதே விடியற்காலையில், மாடவீதியின் ஒரு முடுக்கில், சற்றுமுன் தண்டு தாங்கிய தோளைத் தடவியபடி ஒருவர் பீடி பற்றவைக்கிறார். குளத்துச் சுவருக்குப் பின்னால், தறிக்குழியில் இறங்கியிருக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் இருவர் கஞ்சாப் புகையில் கண் சிவந்து நிற்கிறார்கள். இவர்கள் தீயவர்கள் அல்லர். உத்ஸவத்துக்கு வந்தவர்கள், எம்பெருமானிடம் அன்புள்ளவர்கள், இப்பழக்கத்தை விட வேண்டும் என்று பலமுறை தமக்குள் சொல்லிக்கொண்டவர்கள். விட முடியவில்லை, அவ்வளவே. இவர்களுக்கு அந்த யானையின் கதையைக் காட்டிலும் பொருத்தமான கதை வேறொன்று இல்லை.

முதலை வந்த வழி

கஜேந்திரன் பாபம் செய்வதற்காகப் பொய்கையில் இறங்கவில்லை. வெயில் தாங்காமல், தாகம் தீர, தன் கூட்டத்தோடு இறங்கினான். பழக்கத்தின் வரவும் இப்படியே. அடிமையாக வேண்டும் என்று ஸங்கல்பம் செய்துகொண்டு முதல் பீடியைப் பற்றவைத்தவர் எவரும் இலர். தோழன் நீட்டினான், களைப்பாக இருந்தது, இரவு வேலை இருந்தது என்று ஏதோ ஒரு சிறிய காரணம். விஷயத்தை நினைப்பதால் அதில் பற்று, பற்றினால் ஆசை, ஆசை தடைப்பட்டால் கோபம், கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவிழப்பு, அதனால் புத்தி நாசம், முடிவில் ஆளே நாசம் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு படிக்கட்டை இறக்கிக் காட்டுகிறான். பீடி தீர்ந்துபோன இரவில் வீட்டில் எழும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு இப்படிக்கட்டின் பொருள் வ்யாக்யானம் இல்லாமலே விளங்கும்.

“புகையிலையைச் சாஸ்த்ரம் எங்கே தடுத்தது?” என்று கேட்பார் உண்டு. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியரின் கப்பல்கள் வந்த பின்னரே அது பாரத தேசத்துக்குள் நுழைந்தது. ஊரில் இல்லாத பொருளைப் பெயர் சொல்லித் தடுப்பானேன்? “கஞ்சாவைச் சாதுக்கள் புகைக்கிறார்களே” என்பார் வேறு சிலர். வைஷ்ணவனுக்கு இதில் ஸந்தேஹமே எழ இடமில்லை. எம்பெருமானுக்கு அமுது செய்வித்ததையே உட்கொள்வது அவனுடைய நியமம். பீடியையும் கஞ்சாவையும் திருமுன்பே ஸமர்ப்பிக்கத் துணிபவர் யார்? ஸமர்ப்பிக்கத் தகாதது எதுவோ, அது உட்கொள்ளவும் தகாதது. தேசத்தின் சட்டமும் 1985-ஆம் ஆண்டு முதல் கஞ்சாவை வைத்திருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. இளம் வயதில் மிகுதியாகப் புகைப்பவர்களுக்குச் சித்தம் பேதலிக்கும் அபாயம் கூடுவதாக வைத்தியர்களும் எச்சரிக்கிறார்கள்.

பீடி இலையில் சுற்றியது, ஆகையால் சிகரெட்டைவிடச் சாது என்பதும் ப்ரமையே. பீடிப் புகையிலும் நிகோடின், தார், கரியமில நச்சுவாயு எல்லாம் குறைவின்றி இருக்கின்றன. உறிஞ்சிய சில விநாடிகளில் நிகோடின் மூளையைச் சென்றடைகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அது பாதியாகக் குறைந்ததும், உடல் மீண்டும் கேட்கத் தொடங்குகிறது. அந்தத் தவிப்பு அடுத்த பீடியில் அடங்குவதைத்தான் புகைப்பவர் ‘சுகம்’ என்கிறார். காலைப் பிடித்த முதலை தன் பற்களைச் சற்றே தளர்த்தினால், அதை யானை சுகமென்று கொண்டாடலாமா? முன்னதன் வலியைப் பின்னது தணிக்கிறது. தணித்துவிட்டு அடுத்த வலிக்கு விதை போட்டுச் செல்கிறது.

காஞ்சி கண்ட இழப்பு

இது எங்கோ நடப்பது அன்று. காஞ்சியில் 1909-இல் நெசவாளர் குலத்தில் பிறந்து, தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்தவர் அறிஞர் அண்ணா. அவருடைய கொள்கைகள் கோயிலோடு எங்கே இசைந்தன, எங்கே இசையவில்லை என்பது இங்கே கேள்வி அன்று. அவருக்குப் புகையிலை போடும் வழக்கம் இருந்தது ஊரறிந்தது. புற்றுநோய் கண்டு, 1968-இல் அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், 60 வயது நிரம்புவதற்கு முன்பே அவர் மறைந்தார். இன்று காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. கல்வியும், பேச்சு வன்மையும், லக்ஷக்கணக்கானவர்களின் அன்பும் ஒருங்கே வாய்த்தவரையே தன் வசப்படுத்திய பொருளை, “நான் நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்று ஒருவர் அலக்ஷ்யமாகப் பேசுவது விவேகம் ஆகுமா?

உயிர் போவது ஒருநாள் நிகழ்வது. அதற்கு முன்பே நாள்தோறும் போவன பல உண்டு. காஞ்சியின் கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்யத் தறியில் இருவர் வேண்டும். குழியில் அமர்ந்தவர் புகைக்க எழுந்து போனால், உடன் நெய்யும் மனைவியோ மகனோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலை நிற்கிறது. நாளைக்குப் பத்துமுறை எழுந்தால் என்ன ஆகும்? கூலி குறைகிறது, கூலியிலும் ஒரு பங்கு புகையாகிறது, எஞ்சிய புகை அந்தச் சிறிய வீட்டுக்குள் தூங்கும் குழந்தையின் மூச்சில் கலக்கிறது.

யானை தோற்ற இடம்

கஜேந்திரன் பலசாலி. ஆயிரம் ஆண்டுகள் போராடினான் என்கிறது ஸ்ரீபாகவதம். அப்படியிருந்தும் ஏன் தோற்றான்? முதலை நீரில் வாழ்வது. போராட்டம் நீண்ட அளவும் அதற்குப் பலம் ஏறிற்று. யானை நிலத்தில் வாழ்வது; அளவு நீண்ட அளவும் அதற்குப் பலம் வற்றிற்று. பகைவனுடைய இடத்தில் நின்றுகொண்டே பகைவனை வெல்ல நினைத்ததுதான் குறை. பழக்கத்துக்கும் அதற்கென்று ஒரு நீர்நிலை உண்டு. குறிப்பிட்ட தேநீர்க் கடை, குறிப்பிட்ட தோழர்கள், சாப்பாட்டுக்குப் பிந்திய அந்தப் பத்து நிமிஷம், சட்டைப் பையில் தீப்பெட்டி ஆகியவையே அந்த நீர். அங்கேயே நின்றுகொண்டு மனவுறுதியை மட்டும் நம்புகிறவருடைய கதி யானையின் கதியே.

இரண்டாவது குறை, அவன் தன் பலத்தையே நம்பி நெடுங்காலம் தனியே போராடியது. கூட்டத்து யானைகள் சிறிது நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டன. தன் கை ஓய்ந்தது என்று அவன் உணர்ந்து, ஆதிமூலமே என்று அலறிய அந்தக் கணத்தில்தான் கதை திரும்பிற்று. தன்னால் ஆகாது என்று உணர்வது தோல்வி அன்று. அதுவே ரக்ஷணத்துக்கு வாசல்.

மூன்றாவதாக ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருவாழி முதலையை அறுத்தது. யானையின் காலை அறுக்கவில்லை. காலைப் பற்றியிருந்தது முதலை; கால் யானையுடையது. குடும்பத்தார் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பழக்கத்தின்மேல் வீச வேண்டிய சக்கரத்தை மனிதன்மேல் வீசிவிடுகிறார்கள். உருப்படாதவன் என்று தெருவில் வைத்து ஏசப்பட்டவன் திருந்துவதில்லை. ஒளிந்து புகைக்கக் கற்றுக்கொள்கிறான். இதற்கு மாறான வழியையும் தமிழகம் கண்டிருக்கிறது. குடிப்பழக்கத்தால் 1979-இல் கணவர் டி.டி. ரங்கநாதனை இளம் வயதிலேயே இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், மறு ஆண்டே, 1980-இல், அவர் பெயராலேயே சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். இது ஒழுக்கக்கேடு மட்டும் அன்று, சிகிச்சை வேண்டிய நோய் என்பதும், நோயாளியோடு குடும்பத்துக்கும் வழிகாட்டல் வேண்டும் என்பதும் அங்கே நடைமுறையாயின. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தம் துயரத்தைப் பிறர் வீட்டு முதலையின்மேல் வீசும் சக்கரமாக ஆக்கிக்கொண்டவர் அவர்.

உறங்காவில்லியின் கண்

விடு விடு என்று உபதேசிப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. விட்ட இடம் வெறுமையாக நிற்காது. உணவை நிறுத்தினால் விஷயங்கள் விலகும், ஆனால் சுவை விலகாது. மேலானதைக் கண்டபோதுதான் அந்தச் சுவையும் விலகும் என்பது கண்ணன் கீதையில் காட்டும் ரஹஸ்யம்.

இதற்கு உதாஹரணம் பிள்ளை உறங்காவில்லி தாஸர். உறையூர் மல்லரான அவர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, திருவரங்கத்து உத்ஸவக் கூட்டத்தின் நடுவே, வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்து நடந்தார். ஊர் சிரித்தது. உடையவர் சிரிக்கவில்லை, கண்ணை நேசிக்காதே என்று கண்டிக்கவும் இல்லை. “இதனினும் அழகிய கண்ணைக் காட்டினால்?” என்று கேட்டுப் பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். கண்டபின் அந்த மல்லர் எங்கும் திரும்பவில்லை. பொன்னாச்சியும் உடையவர் திருவடிகளையே பற்றினாள். பற்று அறுபடவில்லை, இடம் மாறிற்று.

நெசவாளருக்கு இது புதிது அன்று. பழைய பாவு தீர்ந்தால் விழுதையும் அச்சையும் கழற்றி எறிவதில்லை. பழைய இழை முனை ஒவ்வொன்றிலும் புதிய இழையைப் பிணைத்து இழுத்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாகத்தான் முடியும். பழக்கம் இருந்த நேரங்களிலும் அப்படியே ஒவ்வொன்றாக வேறொன்றைப் பிணைக்க வேண்டும். புகைக்கும் வேட்கை எழுந்தால் அது பெரும்பாலும் சில நிமிஷங்களே உச்சத்தில் நிற்கும். அந்தச் சில நிமிஷத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும். உடையவர் காஞ்சியில் இருந்த காலத்தில் சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளனுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார். திருக்கச்சி நம்பிகள் ஆலவட்டம் வீசினார். அந்த அளவு இயலாவிடினும், ஒரு குடம் நீர் இறைக்கலாம். ஒரு முழம் பூத் தொடுக்கலாம். ஒரு செம்பு தண்ணீரை மெள்ளக் குடித்துத் திருநாமம் சொல்லலாம். ஸந்நிதியை ஒருமுறை வலம் வரலாம். முடிப்பதற்குள் வேட்கை தணிந்திருக்கும்.

ஐந்து அங்கங்கள்

சரணாகதிக்குப் பூர்வாசார்யர்கள் ஐந்து அங்கங்களை வகுத்தார்கள். மோக்ஷத்துக்கான மஹோபாயத்தைப் பீடிக்காகச் சுருக்குவது முறை அன்று. எனினும் பெரிய வழியில் விளக்காக இருப்பது சிறிய வழியிலும் வெளிச்சம் தரத் தடையில்லை.

ஆநுகூல்ய ஸங்கல்பம், அதாவது உகந்ததைச் செய்வேன் என்ற உறுதி. என்றோ ஒருநாள் விடுவேன் என்பது ஸங்கல்பம் ஆகாது. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்து, வீட்டாரிடமும் உடன் வேலை செய்பவரிடமும் சொல்ல வேண்டும். அந்நாள் முதல் ஒரு மண்டலம், 48 நாட்கள், விரதமாகக் கொள்ளலாம். 2019-இல் அத்திவரதர் அனந்தஸரஸ்ஸிலிருந்து எழுந்தருளி ஸேவை ஸாதித்ததும் 48 நாட்களே. அதற்காக 40 ஆண்டுகள் காத்திருந்த ஊர் இது. 48 நாட்கள் காத்திருக்க இதற்குத் தெரியாதா?

ப்ராதிகூல்ய வர்ஜனம், அதாவது ஒவ்வாததை விலக்குவது. பீடிக் கட்டு, தீப்பெட்டி, கஞ்சாப் பொட்டலம், சாம்பல் கிண்ணம் எதுவும் வீட்டில் மிஞ்சக் கூடாது. அவசரத்துக்கு ஒன்று என்று பரண்மேல் ஒளித்து வைத்ததுதான் முதலையின் முட்டை. தேநீர்க் கடையையும் சில வாரங்களுக்கு மாற்ற வேண்டும். யானை முதலில் நீரை விட்டு வெளியேறட்டும்.

கார்ப்பண்யம், அதாவது தன் இயலாமையை ஒப்புக்கொள்வது. “ஒன்றே ஒன்று புகைத்தால் என்ன?” என்று மனம் கேட்கும்போது, ஒன்றோடு நிறுத்தும் வல்லமை தனக்கு இல்லை என்று அறிந்திருப்பதே கார்ப்பண்யம்.

மஹாவிச்வாஸம், அதாவது கைகூடும் என்ற நம்பிக்கை. இதற்கு உடலே ஸாக்ஷி சொல்லும். பீடியை விட்ட முதல் மூன்று நாட்களே கடுமையானவை. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். கஞ்சாவை விட்டவருக்கு முதல் வாரம் பசியின்மையும், துர்ஸ்வப்பனங்களும், காரணமற்ற கோபமும் தோன்றும். பலருக்கு இரண்டு வாரங்களில் குறைந்துவிடும். இவை புது நோய்கள் அல்ல. முதலை பிடியைத் தளர்த்தும் வலிகள். புகையை விட்ட ஓராண்டில், அதனால் இருதயத்துக்கு ஏற்பட்டிருந்த கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. தொடக்கத்தில் விஷம் போலவும் முடிவில் அமுதம் போலவும் இருப்பதே ஸாத்விக ஸுகம் என்று கண்ணன் சொன்னதற்கு இதைவிட அருகில் வேறு எடுத்துக்காட்டு ஏது?

கோப்த்ருத்வ வரணம், அதாவது காத்தருள்க என்று வாய்விட்டுக் கேட்பது. எம்பெருமானிடம் கேட்பவர் வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட வேண்டுவதில்லை. தன்வந்தரியாக அவதரித்தவனும் அவனே. திருவரங்கம் பெரிய கோயிலுக்குள்ளேயே தன்வந்தரிக்கு ஸந்நிதி உண்டு. நிகோடின் கலந்த மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை முதலியவை வைத்தியர் ஆலோசனையோடு பலருக்கு உதவியிருக்கின்றன. புகையிலையை விட விரும்புவோர் 1800-112-356 என்ற எண்ணிலும், ஏனைய போதைப் பழக்கங்களுக்கு 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசி வழி கேட்கலாம். பல ஆண்டுகள் மிகுதியாக மது அருந்தியவர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்து ஆகலாம். வைராக்யமும் விவேகத்தோடு வர வேண்டும்.

இழை அறுந்தால்

இத்தனையும் செய்து, முப்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் கை நீட்டிவிட்டால்? எல்லாம் போயிற்று என்று முழுக் கட்டையும் வாங்கிவிடுபவர்கள் பலர். தறியில் ஓர் இழை அறுந்தால் எவரும் பாவையே அறுத்து எறிவதில்லை. மிதியை நிறுத்தி, இழையைத் தேடி எடுத்து, முடிந்து, மேலே நெய்கிறார்கள். எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று பார்த்துக்கொண்டால் போதும். தேவதேவியிடம் மயங்கித் தம் திருநந்தவனக் கைங்கர்யத்தையே இழந்து நின்ற விப்ரநாராயணரை அரங்கன் கைவிடவில்லை. அவரே பின்பு அடியார்களின் திருவடித் துகளாகத் தம்மைச் சொல்லிக்கொண்டு, தொண்டரடிப்பொடி என்ற திருநாமத்தோடு பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவராக எழுந்தருளியிருக்கிறார். விழுந்தவர்களுக்கு இந்த ஸம்ப்ரதாயத்தில் இடம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அண்டை அயலாருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. விட முயல்பவர் எதிரில் புகைக்காமல் இருப்பதும், “எத்தனை நாளைக்கு?” என்று பரிஹஸிக்காமல் இருப்பதும் பெரிய உபகாரம். திருவீதியிலும் மண்டபங்களிலும் புகைக்கலாகாது என்பதை ஸ்ரீபாதந்தாங்கிகள் தாங்களே தங்களுக்குள் நியமமாக வைத்துக்கொண்டால், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தண்டோடு சேர்த்துப் பீடியைச் சுமக்கக் கற்கமாட்டார்கள்.

கஜேந்திரன் துயரத்துக்குக் காரணம் சொல்லும்போது பூர்வர்கள் ஒரு நயம் காட்டுவார்கள். அவன் காலின் வலிக்காக அழவில்லை. துதிக்கையில் ஒரு தாமரை வைத்திருந்தான். செவ்வி குலைவதற்குள் அது எம்பெருமான் திருவடியில் சேரவில்லையே என்று அழுதான். அந்தப் பூ இருந்தமையால்தான், ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அவன் முதலைக்கு முழுவதும் தன்னைக் கொடுத்துவிடவில்லை. பழக்கத்தின் வாயில் அகப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் அப்படி ஒரு பூ உண்டு. சிலருக்கு அது தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. சிலருக்கு, புகை நாற்றத்தால் மடியில் ஏற மறுக்கும் பெண் குழந்தை. சிலருக்கு, கருட ஸேவையன்று தண்டின்கீழ் மூச்சு வாங்காமல் நிற்க வேண்டிய தோள். காலை நினைத்துக் கலங்குவதை விட்டு, கையிலுள்ள பூவை நினைத்து அவனை அழைக்கட்டும்.

கருடன்மேல் வருகிறவன் தாமதிக்க மாட்டான்.

பேரருளாளன் திருவடிகளே சரணம்.